பிரெஞ்சு சப்ஜங்டிவ்: ஒழுங்கற்ற வினைகள் நாக்கில் நிற்க என்ன வழி?

தண்டையார்பேட்டை மலர்:

அனைவருக்கும் வணக்கம். பகலில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். அடுத்து டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுத வேண்டும். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. விருப்பம், கட்டாயம் போன்றவற்றைச் சொல்லும்போது வினை எடுக்கும் தனி வடிவமான சப்ஜங்டிவ் வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

எத்ர் (இருத்தல்), அவ்வார் (உடைத்திருத்தல்), அலே (போதல்), ஃபேர் (செய்தல்), பூவ்வார் (இயலுதல்), சவ்வார் (அறிதல்), வூல்வார் (விரும்புதல்) ஆகிய ஏழு வினைகளையும் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிடுவேன். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 'நான் போக வேண்டும்' என்று பிரெஞ்சில் சொல்ல வாயைத் திறந்தால், 'இல் ஃபோ கெ' என்பதற்குப் பிறகு 'ஜெ வே' என்றுதான் பழைய வடிவம் முந்திக்கொண்டு வருகிறது. 'ஜாய்' வருவதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சந்தேகம் இருக்கும் இடத்தில் சப்ஜங்டிவ் வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். பாடப்புத்தகத்திலோ சந்தேகமே இல்லாத வாக்கியங்களிலும் அது உட்கார்ந்திருக்கிறது. இதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பெரம்பூர் வாசகன்:

மலர், விருப்பம், அச்சம், ஐயம், கட்டாயம், உணர்ச்சி ஆகிய ஐந்துக்கும் சப்ஜங்டிவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வினைகளையும் ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் கண்ணில் பட்டால் தானாக மனத்தில் ஏறிவிடும்.


ராயபுரம் டியூஷன் ஆசிரியை:

பெரம்பூர் நண்பரே, சுவரில் ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. மலருக்கு வாய்ப்பாடு ஏற்கெனவே பாடம். கண்ணுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை என்பதுதான் அவருடைய சிக்கல். மறுபடியும் கண்ணுக்கே தீனி போட்டால் எப்படித் தீரும்?

மலர், முதலில் அந்த அட்டவணையின் அளவைக் குறைப்போம். எழுத்தில் ஒரு வினைக்கு ஆறு கட்டங்கள். ஒலியில் மூன்றுதான். 'நான்', 'நீ', 'அவன்', 'அவர்கள்' ஆகிய நான்கிற்கும் ஒரே ஒலி. 'நாம்', 'நீங்கள்' ஆகியவை மட்டும் வேறு. அலே வினைக்கு ஆய், அலியோன், அலியே. அவ்வளவுதான். ஃபேர் வினைக்கு ஃபாஸ், ஃபாசியோன், ஃபாசியே. எழுதும்போது ஈறு மாறும். அதைத் தேர்வுத் தாளில் பார்த்துக்கொள்ளலாம். பேசுவதற்கு மூன்று ஒலிகள் போதும்.

அடுத்து, ஒழுங்கற்றவை என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஃபேர், பூவ்வார், சவ்வார் மூன்றும் ஒருமுறை உருமாறினால் கடைசிவரை அதே உருவில் நிற்பவை: ஃபாஸ், ப்வீஸ், சாஷ். அலே, வூல்வார், வல்வார் (மதிப்புப் பெறுதல்) மூன்றும் இரண்டு உரு கொண்டவை. 'நாம்', 'நீங்கள்' வரும்போது பழைய உருவுக்கே திரும்பிவிடும்: ஆய் – அலியோன், வொய் – வூலியோன், வாய் – வலியோன். எத்ர், அவ்வார் இரண்டும் யாரோடும் சேராதவை. ஸ்வா, ஸ்வாயோன், ஸ்வாயே. ஏ, எயோன், எயே. ஈற்றிலும் இவை தனி வழியில்தான் போகும். ஆகவே இவ்விரண்டையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். கடந்தகால சப்ஜங்டிவ் முழுவதும் இவற்றின் தோளில்தான் நிற்கிறது.

வெனிர் (வருதல்), ப்ராந்த்ர் (எடுத்தல்), ப்வார் (குடித்தல்), துவ்வார் (கடமைப்படுதல்) போன்றவற்றையும் ஒழுங்கற்ற பட்டியலில் சேர்த்துப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். தேவையே இல்லை. நிகழ்காலத்தில் 'அவர்கள்' வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இல் வியென், இல் ப்ரென், இல் ப்வாவ். அதே ஒலிதான் சப்ஜங்டிவிலும்: கெ ஜெ வியென், கெ ஜெ ப்ரென், கெ ஜெ ப்வாவ். 'நாம்' வடிவத்துக்கு நிகழ்கால 'நாம்' வடிவத்திலிருந்து அடியை எடுக்க வேண்டும்: வெனியோன், ப்ரெனியோன், ப்யுவியோன். நிகழ்காலம் சரியாகத் தெரிந்தவருக்கு இவற்றில் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை.

இந்தச் சில வினைகளுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், சப்ஜங்டிவ் தெளிவாகக் காதில் விழுவது இவற்றைப் போன்ற வினைகளில்தான். பார்லே போன்ற சாதாரண வினையை எடுங்கள். 'அவன் பேசுகிறான்' என்பதற்கும் 'அவன் பேச வேண்டும்' என்பதற்கும் பார்ல் என்ற ஒரே ஒலி. தவறு செய்யவே இடமில்லை. ஆய், ஃபாஸ், ப்வீஸ் வரும்போதுதான் எதிரில் இருப்பவருக்கு நீங்கள் எந்த வடிவத்தைச் சொன்னீர்கள் என்று தெரியும்.

தனி வினையாக ஒப்பிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். 'ஜாய்' என்று தனியே சொல்லாதீர்கள். 'இல் ஃபோ கெ ஜாய்' என்று ஒரே மூச்சில், ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். 'கெ' என்பதற்குப் பிறகு நாக்கு நின்று யோசித்தால் பழைய வடிவம்தான் வரும். நிற்காமல் ஓடினால் சரியான வடிவம் வரும்.


எண்ணூர் கப்பல்காரர்:

ஆசிரியை சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் பிரெஞ்சைப் புத்தகத்தில் படிக்கவில்லை. கப்பலில் மார்செய் நகரத்து எஞ்சினியர் ஒருவரோடு வேலை செய்தபோது காதால் பிடித்துக்கொண்டேன். அவர் உணவு மேசையிலிருந்து எழும்போதெல்லாம் 'ஃபோ கெ ஜி ஆய்' என்பார். கையால் மேசையை ஒரு தட்டு, நாற்காலியைப் பின்னுக்கு ஒரு தள்ளு, 'ஃபோ கெ ஜி ஆய்', ஆள் போய்விடுவார். 'கிளம்ப வேண்டும்' என்று அர்த்தம். தொடக்கத்தில் வரும் 'இல்' பேச்சில் விழுந்துவிடும். அதற்குள் சப்ஜங்டிவ் என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொற்றொடர் இன்றுவரை பிசகியதில்லை.

பேச்சு பிரெஞ்சில் சப்ஜங்டிவ் செத்துவிட்டது, படிக்க வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். இயந்திர அறையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவரும் அதைத்தான் பேசுகிறார்.


தண்டையார்பேட்டை மலர்:

மூன்று ஒலிகள் என்றதுமே பாதி பாரம் இறங்கிவிட்டது. நன்றி. ஆனால் எங்கே வரும், எங்கே வராது என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். 'பஸ் வரும் என்று நம்புகிறேன்' என்பதற்கு 'ஜெஸ்பேர் கெ லெ ப்யுஸ் வியென்' என்று வருமா, 'வியாந்த்ரா' என்று வருமா? நம்பிக்கையும் உணர்ச்சிதானே?


ராயபுரம் டியூஷன் ஆசிரியை:

'வியாந்த்ரா'. இந்த இடத்தில்தான் நம் மாணவர்கள் ஒரு வேண்டாத சுற்றுவழியில் போகிறார்கள். தமிழில் நினைத்து, அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போகிறார்கள். நேராகத் தமிழிலிருந்து போய்ப் பாருங்கள். பாதைக் கற்கள் பெரும்பாலும் நம் மொழியிலேயே நட்டு வைத்திருக்கின்றன.

'பஸ் வரும் என்று நம்புகிறேன்.' இதில் 'வரும்' என்பது உறுதியான எதிர்கால வினைமுற்று. பிரெஞ்சிலும் அதேதான், சாதாரண எதிர்காலம். 'பஸ் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.' இங்கே தமிழ் 'வரும்' என்று சொல்லவில்லை. 'வர வேண்டும்' என்று மாற்றிக்கொண்டது. பிரெஞ்சும் இங்கேதான் மாறுகிறது: வியென்.

'நான் வர விரும்புகிறேன்.' ஒரே ஆள். தமிழில் 'வர' என்ற எச்சம் போதும், 'என்று' தேவையில்லை. பிரெஞ்சிலும் 'கெ' கிடையாது: ஜெ வெ வெனிர். 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்.' இரண்டு ஆட்கள். தமிழில் 'நீ' என்ற எழுவாயும் 'என்று' என்ற இணைப்பும் வந்துவிட்டன. பிரெஞ்சிலும் 'த்யு' என்ற எழுவாயும் 'கெ' என்ற இணைப்பும் வரும்: ஜெ வெ கெ த்யு வியென். ஆங்கிலத்தில் இந்த இரண்டாவது வாக்கியத்துக்கும் எச்சத்தைத்தான் பயன்படுத்துவார்கள். ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர் இங்கே தடுக்கி விழுகிறார். தமிழின் வழியாகப் போகிறவருக்கு இது நேர்ச்சாலை.

முன், பின் என்பதையும் பாருங்கள். 'அவன் வருவதற்கு முன்' என்கிறோம், இன்னும் வரவில்லை. பிரெஞ்சில் 'அவான் கெ', சப்ஜங்டிவ். 'அவன் வந்த பிறகு' என்கிறோம், வந்தாயிற்று. பிரெஞ்சில் 'அப்ரே கெ', இண்டிகேட்டிவ், அதாவது சாதாரண வடிவம். இதில் பிரெஞ்சுக்காரர்களே பலர் பேச்சில் 'அப்ரே கெ' என்பதற்குப் பிறகும் சப்ஜங்டிவ் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் தேர்வில் போடாதீர்கள்.

அச்சத்துக்கு நாம் ஓகாரம் சேர்ப்போம்: 'அவன் வந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.' பிரெஞ்சில் 'ஜே பெர் கில் வியென்'.


பெரம்பூர் வாசகன்:

இதைப் படித்ததும் ஆனந்தரங்கப் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1709இல் எங்கள் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்துகொண்டே நாட்குறிப்பைத் தமிழில் எழுதியவர். 1746 முதல் 1749 வரை சென்னைக் கோட்டையே பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே போக்குவரத்து நம் பக்கத்துக்குப் புதியது அல்ல. பள்ளியில் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தபோது ஒருவர்கூட இப்படித் தமிழை வைத்து விளக்கவில்லை. ஆங்கில விளக்கத்தைத்தான் எழுதிப்போட்டார்கள். அது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

ஆனாலும் ஆசிரியையிடம் ஒன்று கேட்க வேண்டும். தமிழ் எல்லா இடத்திலும் சரியாக வழிகாட்டுமா?


ராயபுரம் டியூஷன் ஆசிரியை:

காட்டாது. இரண்டு இடங்களில் கைவிட்டுவிடும். மலர் முதலில் கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

'நீ வந்தது எனக்கு மகிழ்ச்சி.' வந்தது நடந்த செய்தி. ஐயமே இல்லை. தமிழில் இறந்தகாலம் பளிச்சென்று நிற்கிறது. பிரெஞ்சிலோ 'ஜெ ஸ்வி கோந்தான் கெ த்யு ஸ்வா வெனியு'. நடந்துவிட்ட செய்திக்கும் சப்ஜங்டிவ். 'மழை பெய்தாலும்' என்பதற்கு 'பியான் கில் ப்லெவ்'. வெளியே கொட்டிக்கொண்டிருக்கும் மழைக்குக்கூட சப்ஜங்டிவ்தான். ஆகவே சந்தேகம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இதைப் பிடிக்க முடியாது. செய்தியை 'இது இப்படி' என்று முன்வைத்தால் இண்டிகேட்டிவ். அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் விருப்பத்தையோ மகிழ்ச்சியையோ அச்சத்தையோ சொன்னால் சப்ஜங்டிவ். 'பியான் கெ' (இருந்தாலும்), 'பூர் கெ' (அதற்காக), 'சான் கெ' (இல்லாமல்), 'ஜுஸ்கா செ கெ' (அதுவரை), 'ஆ மோவான் கெ' (இல்லாவிட்டால்) போன்ற இணைப்புகளுக்குக் காரணம் தேட வேண்டாம். அவை வந்தால் சப்ஜங்டிவும் வரும், அவ்வளவுதான்.

'நினைக்கிறேன்' என்பது இன்னோர் இடம். 'ஜெ க்ருவா கெ லெ மெத்ரோ ஏ ஆன் ரெதார்', மெட்ரோ தாமதம் என்று நினைக்கிறேன், இண்டிகேட்டிவ். 'ஜெ நெ க்ருவா பா கெ லெ மெத்ரோ ஸ்வா ஆன் ரெதார்', தாமதம் என்று நான் நினைக்கவில்லை; சப்ஜங்டிவ். எதிர்மறை வந்ததும் வினை மாறிவிட்டது. தமிழில் இரண்டுக்கும் 'தாமதம் என்று' ஒன்றேதான், எச்சரிக்கை தராது. இதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும்.


காரைக்கால் பேரன், இப்போது திருவொற்றியூர்:

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஞாயிறு பூசையில் நாங்கள் 'உமது ஆட்சி வருக' என்று தமிழில் சொல்லும்போது, அவர் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் 'கெ தோன் ரெஞ்ஞ் வியென்' என்பார். 'வருக' என்ற வியங்கோள் இருக்கும் இடத்தில் அங்கே 'வியென்'. நம் பக்கத்துச் சுவரொட்டிகளில் பார்க்கும் 'வாழ்க'வும் அப்படித்தான். பிரான்ஸ் வாழ்க என்பதை அவர்கள் 'வீவ் லா ஃப்ரான்ஸ்' என்கிறார்கள். அந்த 'வீவ்' ஒரு சப்ஜங்டிவ். ஆகவே மலர், இந்த வினைநிலை நமக்கு அந்நியம் என்று எண்ணவே வேண்டாம்.

ஒரு விண்ணப்பமும் உண்டு. பழைய நாவல்களைத் திறந்தால் 'ஃப்யு', 'வான்' போன்ற, இம்பார்ஃபே எனப்படும் பழைய வகை சப்ஜங்டிவ் வடிவங்கள் கண்ணில் படும். பேச்சில் அது வழக்கொழிந்துவிட்டது. படிக்கும்போது அடையாளம் கண்டால் போதும். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்து பொழுதைச் செலவிடாதீர்கள். ஆனால் ஒருநாள் அமர்ந்து வாசியுங்கள். தாத்தா உரக்கப் படிக்கும்போது அந்த ஒலிக்கு ஒரு கம்பீரம் இருக்கும்.


கொருக்குப்பேட்டை அம்மா:

என் மகள் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். அவளுக்கு வினை வடிவங்களை எழுதத்தான் கேள்வி வரும், பேச வேண்டியதில்லை. அவளுக்கும் இதே வழி உதவுமா? ஏ என்ற ஒலியை எப்படி எழுதுவது என்பதில்தான் அவளுக்குத் தடுமாற்றம்.


ராயபுரம் டியூஷன் ஆசிரியை:

உதவும் அம்மா. ஆனால் எழுத்துக்குத் தனியாக உழைக்க வேண்டும். 'அவனிடம் இருக்கிறது' என்பதற்கான சப்ஜங்டிவ் வடிவமும், 'அவன் இருக்கிறான்' என்பதற்கான சாதாரண வடிவமும் ஏ என்ற ஒரே ஒலியில் முடியும். எழுத்து முற்றிலும் வேறு. காதை நம்பி எழுதினால் மதிப்பெண் போய்விடும். நீங்கள் வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள், அவள் பிரெஞ்சில் எழுதட்டும். உங்களுக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட அவளுக்கே தெரியும். இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: எத்ர், அவ்வார் இரண்டிலும் 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் ஒய் எழுத்துக்குப் பிறகு ஐ எழுத்து வராது. மற்ற வினைகளைப் பார்த்துப் பழகிய கை அதை நுழைத்துவிடும்.


எண்ணூர் கப்பல்காரர்:

நம் பக்கத்து வாக்கியம் ஒன்று தருகிறேன் மலர். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் நடக்குமிடத்தில் நின்று சொல்லிப் பாருங்கள். 'இல் ஃபோ கெ லெ பாத்தோ ஸ்வா ரான்த்ரே அவான் கில் நெ ஃபாஸ் ஜூர்.' விடிவதற்குள் படகு திரும்பியிருக்க வேண்டும். ஸ்வா ஒன்று, ஃபாஸ் ஒன்று, இரண்டும் ஒரே வாக்கியத்தில். நடுவில் வரும் 'நெ' எதிர்மறை இல்லை. 'அவான் கெ' என்பதற்குப் பிறகு அழகுக்காக வருவது. விட்டாலும் குற்றமில்லை.


தண்டையார்பேட்டை மலர்:

இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி வீட்டில் தம்பிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நானும் சில வாக்கியங்கள் அமைத்தேன். 'பியான் கில் ப்லெவ், இல் ஃபோ கெ ஜாய் ஓ த்ராவாய்.' கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளெல்லாம் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொல்ல வேண்டிய வாக்கியம் இது! 'மா மேர் வெ கெ ஜெ ஃபாஸ் லெ தே.' அம்மா என்னைத் தேநீர் போடச் சொல்கிறார். இவை நிற்காமல் வருகின்றன. சவ்வார் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அதை எந்த வாக்கியத்தில் வைப்பது?


ராயபுரம் டியூஷன் ஆசிரியை:

'இல் ஃபோ கெ த்யு சாஷ்.' 'நீ தெரிந்துகொள்ள வேண்டும்.' யாரிடமாவது முக்கியமான செய்தி சொல்லும்போதெல்லாம் இதில் தொடங்குங்கள். பூவ்வார் வினைக்குப் 'பூர் கெ' போட்டுப் பழகுங்கள்: 'பூர் கெ மோன் ஃப்ரேர் ப்வீஸ் தோர்மிர்', தம்பி தூங்க முடிவதற்காக.

அமைத்த வாக்கியங்கள் அருமை. ஒவ்வொன்றையும் 'நூ' (நாம்), 'வூ' (நீங்கள்) இரண்டுக்கும் மாற்றிச் சொல்லுங்கள். உரு மாறும் இடம் அதுதான். டெல்ஃப் பி1 எழுத்துப் பகுதியில் 160 சொற்களுக்குக் குறையாமல் உங்கள் கருத்தையும் உணர்வையும் எழுதச் சொல்வார்கள். நான்கு பகுதிகளுக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும். எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. 'நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி', 'நீங்கள் இதைச் செய்ய வேண்டும்' போன்ற இரண்டு வாக்கியங்களாவது சப்ஜங்டிவில் இயல்பாக வந்து விழுந்தால் திருத்துபவர் கண்ணுக்குத் தப்பாது.


காரைக்கால் பேரன், இப்போது திருவொற்றியூர்:

கடிதம் எழுதச் சொன்னால் 'வொயே' என்ற வடிவத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கடிதங்களில் 'தயவுசெய்து' என்ற இடத்தில் வரும்: 'வொயே பாசியான்தே', தயவுசெய்து காத்திருக்கவும்.


தண்டையார்பேட்டை மலர்:

அது வூல்வார் வினையின் சப்ஜங்டிவ்தானா? ஆசிரியை 'வூலியோன்' என்றாரே. அப்படியானால் 'நீங்கள்' வடிவம் 'வூலியே' என்று அல்லவா வர வேண்டும்?


ராயபுரம் டியூஷன் ஆசிரியை:

சரியான கேள்வி. சப்ஜங்டிவில் 'கெ வூ வூலியே'தான். 'வொயே' என்பது ஏவல். எத்ர், அவ்வார், சவ்வார், வூல்வார் ஆகிய நான்கும் தங்கள் ஏவல் வடிவத்துக்குச் சப்ஜங்டிவ் அடியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. 'பொறுமையாக இருங்கள்' என்பதற்கு ஸ்வாயே, 'பயப்படாதீர்கள்' என்பதற்கு 'நெயே பா பெர்'. சவ்வாரில் கவனம் வேண்டும்: சப்ஜங்டிவில் சாஷியே, ஏவலில் சாஷே. ஆகவே கடிதத்தில் 'வொயே', 'கெ வூ' என்பதற்குப் பிறகு 'வூலியே'. இரண்டையும் வைத்து ஒரு சிறு கடிதம் எழுதி இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.